இரவல் பிள்ளைகள்

விடிய இன்னும் ஒரு சாமம் இருந்தது. மாணவியர் விடுதியின் சமையற்கூடத்துக்கு மட்டும் பகல் எப்போதோ வந்துவிட்டது. பாய்லர் சீறிக்கொண்டிருந்தது. ஆளுயர இட்லிப் பெட்டியின் கதவைத் திறந்ததும் ஆவி குபீரென்று பாய்ந்து நர்மதாவின் முகத்தில் அறைந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஈரத்துணி சுற்றிய கைகளால் தட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்து மேடையில் கவிழ்த்தாள். ஒரு தட்டு இறங்கினால் அடுத்த தட்டுக்கு மாவு ஊற்ற வேண்டும். மாவு ஊற்றி முடிப்பதற்குள் சாம்பார் அண்டா கூப்பிடும். அதைத் துடுப்புப் போட்டுக் கிண்ட இரண்டு பேர் வேண்டும். தரையெல்லாம் எண்ணெயும் தண்ணீருமாக வழுக்கியது. இரண்டாயிரம் வயிறுகள் காலையில் தட்டோடு வந்து வரிசையில் நிற்கும். அவற்றுக்குச் சமாதானம் சொல்லி அனுப்ப முடியாது.

கை இட்லித் தட்டில் இருந்தது. காது மட்டும் பின்கட்டு மளிகை அறையில் இருந்தது. அங்கேதான் அரிசி மூட்டைகளுக்கு நடுவில், மடித்துப் போட்ட சாக்கின்மேல் அவள் மகள் தமிழினி தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்று வயது இன்னும் நிரம்பவில்லை. அவளோடு, கூடச் சமைக்கிற அகல்யாவின் மகன் தனுஷ், பாத்திரம் கழுவுகிறவர்களின் பிள்ளைகள், வளாகம் கூட்டுகிறவர்களின் பிள்ளைகள் என்று ஏழெட்டு உருப்படிகள். எலி ஓடினாலும் அது தமிழினி புரண்டு படுக்கும் சத்தமாகவே நர்மதாவுக்குக் கேட்கும்.

"புள்ள அழுகறாப்பல இருக்குது நர்மதா, போய் ஒரு எட்டுப் பாத்துட்டு வா" என்றாள் பழனியம்மாள். அந்தச் சமையற்கூடத்தில் எல்லாரையும்விட மூத்தவள் அவள். வாயும் அவளுக்குத்தான் நீளம்.

"போனா சூப்பர்வைசர் கத்துவாருங்கக்கா."

"அவன் கெடக்கறான். கத்தறதுக்குத்தான அவனுக்குச் சம்பளம்."

நர்மதாவின் புருஷன் சிவக்குமார் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரியோடு சத்தீஸ்கர் பக்கம் போய் மழைக்காலத்துக்குத்தான் திரும்புவான். ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் கண்டு கொடுப்பவன், சொந்த வீட்டுப் பானையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வருடத்தில் ஒரு பருவம்தான் வருவான். மாமியார் போய்ச் சேர்ந்து நாளாகிறது. ஊரில் அங்கன்வாடி இருக்கிறது. நல்ல அங்கன்வாடிதான், ஆனால் பத்து மணிக்கு மேல்தான் திறக்கும். இட்லி பத்து மணி வரைக்கும் காத்திருக்குமா? ஆகவே தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, இருட்டோடு வருகிற ஒப்பந்ததாரரின் வேனில் ஏறினாள். எல்லாரும் அப்படித்தான் ஏறினார்கள். சூப்பர்வைசர் ஆனந்தகுமார் கண்டும் காணாமல் இருந்தான். அந்தக் கருணைக்குக் கைம்மாறாக, வேலை நேரம் முடிந்த பிறகும் அவன் காட்டுகிற இடத்தையெல்லாம் கழுவிவிட்டுப் போக வேண்டும். சும்மா வருமா கருணை?

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே நெடுஞ்சாலையோரம் நிமிர்ந்து நிற்கிற பல்கலைக்கழகம் அது. கோழிப்பண்ணையில் சம்பாதித்த பெரியவர் முதலில் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். பிறகு கல்லூரி. கல்லூரி பல்கலைக்கழகம் ஆன அன்றைக்கே அவர் வேந்தர் ஆகிவிட்டார். மகன் ஜெகதீஸ்வரன் இணைவேந்தர். சமைக்கிறவர்களுக்கும் கூட்டுகிறவர்களுக்கும் மட்டும் அப்பா பெரிய முதலாளி, மகன் சின்ன முதலாளி. யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை.

அந்த வளாகத்தில் பிள்ளைகளுக்கென்று ஓர் இடம் இல்லாமல் இல்லை. மனையியல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் 'ஆய்வக மழலையர் இல்லம்' என்று வண்ண எழுத்தில் எழுதியிருக்கும். உள்ளே குட்டி நாற்காலிகள், முழங்கால் உயரத்தில் கை கழுவும் தொட்டி, யானை வடிவச் சறுக்கு, மெத்தை விரித்த தூங்கும் அறை. எல்லாம் இருந்தன, பிள்ளைகளைத் தவிர. குழந்தை வளர்ச்சித் துறை என்று ஒன்று இருப்பதால் அப்படி ஓர் இல்லம் கணக்குக்கு இருந்தாக வேண்டும். போன வருடம் தரம் பார்க்கிற கமிட்டி வந்தபோது அதைத் திறந்தார்கள். "உங்க புள்ளைகளைக் கூட்டியாங்க" என்றான் ஆனந்தகுமார். பிள்ளைகளுக்குச் சட்டை கொடுத்தார்கள், பால் கொடுத்தார்கள், படம் பிடித்தார்கள். சாயங்காலம் சட்டையை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

அதற்கு மறுநாள் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் நர்மதாவுக்கு உடம்பு கூசும். இனிமேல் தினமும் திறந்திருக்கும் என்றுதான் அவர்கள் எல்லாரும் நினைத்துவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை, ஆனால் திறந்த கதவை மறுபடியும் பூட்டுவார்கள் என்று யாருக்குத்தான் தோன்றும்? ஒயர் கூடையில் பால் புட்டியும் மாற்றுத் துணியும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளின் நெற்றியில் திருநீறு பூசி, பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறவர்களைப்போல அந்தக் கதவுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். பூட்டுத் தொங்கியது. காவலாளி வந்து விசாரித்தான். விசாரித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தமிழினி கண்ணாடி வழியாக யானையைப் பார்த்து அழுததை நர்மதாவால் மறக்க முடியவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அன்றைக்கு அவர்கள் அதை அடுப்பில் ஏற்றவே போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு மளிகை அறைதான்.

தனுஷுக்கு அது நடந்தது மத்தியானச் சாதம் வடிக்கிற நேரத்தில். அண்டாவைச் சாய்த்தால் கொதிக்கிற வடிகஞ்சி தரையில் வெட்டிய வாய்க்காலில் பாய்ந்து வெளியே போகும். வாய்க்காலை மூடியிருந்த கம்பிச் சட்டம் ஓரிடத்தில் உடைந்துபோய் மாதக்கணக்காகிறது. பழனியம்மாள் சொல்லிச் சொல்லி வாய் வலித்து விட்டுவிட்டாள். அந்த இடத்தில் ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்துப் போட்டிருந்தார்கள். அம்மாவைத் தேடி வந்த பையன் அட்டைமேல் கால் வைத்தான்.

அவன் போட்ட கூச்சலில் சமையற்கூடமே கரண்டியை எறிந்துவிட்டு ஓடியது. நர்மதாதான் முதலில் போய்ச் சேர்ந்தாள். பையனைத் தூக்கிக் குழாய்க்கு அடியில் காலைப் பிடித்தாள். கணுக்காலுக்கு மேல் தோல் ஈரத்துணி மாதிரி சுருண்டு வந்தது. அகல்யா வாயைத் திறந்தபடி நின்றாள்.

"ஆம்புலன்சைக் கூப்புடுங்க!" என்று கத்தினாள் நர்மதா.

"அது ஸ்டூடண்ட்ஸுக்கும்மா. ஆபீஸ்ல கேக்காம எடுக்க முடியாது" என்றான் ஆனந்தகுமார். அவன் முகமும் வெளுத்துப்போய்த்தான் இருந்தது.

"நீங்க கேட்டு முடிக்கறதுக்குள்ள புள்ள உசிரு போயிருமுங்க!"

காய்கறி இறக்க வந்த வண்டியை அவள்தான் மறித்து நிறுத்தினாள். வண்டி கிளம்பும்போது ஆனந்தகுமார் அகல்யாவின் பக்கம் குனிந்தான். "இங்க பாரு அம்மிணி. ஆஸ்பத்திரியில கேட்டா ஊட்ல சுடுதண்ணி கொட்டிருச்சுன்னு சொல்லு. இங்கதான்னு சொன்னீன்னா நாளைக்கு உனக்கும் வேலை இல்லை, எனக்கும் வேலை இல்லை."

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "ஊட்லதானுங்க" என்றாள் அகல்யா, தரையைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் வாயிலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒப்பந்தப் பணியாளர்கள் குழந்தைகளை வளாகத்துக்குள் அழைத்து வருவது கண்டிப்பாகத் தடை செய்யப்படுகிறது. உடைந்த சட்டத்தை மாற்றுவதைவிடத் தாள் ஒட்டுவது சுலபம் அல்லவா! வேனிலிருந்து இறங்கின ஒவ்வொருத்தியின் தோளையும் காவலாளி டார்ச் அடித்துப் பார்த்தான். பிள்ளையோடு வந்தவர்களை அப்படியே திருப்பி அனுப்பினான். அன்றைக்கு இட்லிக்கு ஆள் போதாமல் பழனியம்மாள் மூன்று பேர் வேலையைப் பார்த்தாள்.

நர்மதா, தமிழினியைப் பக்கத்து வீட்டில் விட்டாள். அந்த வீட்டுப் பெண் நல்லவள்தான். ஆனால் அவளும் விடிந்ததும் விசைத்தறிக்குப் போக வேண்டியவள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனாள். சாயங்காலம் வந்து பார்த்தால் தமிழினியின் தலைமுடியெல்லாம் பஞ்சு பூத்திருந்தது. இருமினாள். தறிச் சத்தத்தில் இருந்துவிட்டு வந்ததால் மெதுவாகப் பேசச் சொன்னாலும் கத்திப் பேசினாள். ஒரு நாள் பாவாடை நுனி கிழிந்து தொங்கியது.

"தறிப் பட்டையில சிக்கிக்கிச்சு கண்ணு" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் சட்டுனு நிறுத்திப்போட்டேன். என்ற மேல கோவிச்சுக்காத. இனிமேட்டு நீ வேற எடம் பாத்துக்க சாமி."

வேறு இடம் எங்கே இருக்கிறது? கெஞ்சிக் கூத்தாடி மறுபடியும் அவளோடேயே தறிக்கு அனுப்பினாள். நர்மதா அதற்குப் பிறகு எதையும் நிலையாகச் செய்யவில்லை. உப்புப் போட்ட சாம்பாரிலேயே மறுபடி உப்புப் போட்டாள். தட்டை இறக்கும்போது துணி சுற்ற மறந்து கையைச் சுட்டுக்கொண்டாள். நின்றால் உட்காரத் தோன்றியது, உட்கார்ந்தால் எழுந்து ஓடத் தோன்றியது.

அந்த நேரம் பார்த்துத்தான் கமிட்டி வருகிற செய்தி வந்தது.

மத்தியானச் சமையல் முடிந்து சின்ன வெங்காயம் உரிக்கும் நேரம். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஆனந்தகுமார் குரலில் வெல்லம் தடவிக்கொண்டு வந்தான்.

"நாளன்னிக்குக் கமிட்டி வருதுங்க. புள்ளைங்களுக்குத் தலை சீவி, பவுடர் போட்டு ரெடியா வையுங்க. உங்க வேன் வேண்டாம், ஆபீஸ் பஸ்ஸே ஊட்டுக்கு முன்னால வரும். புதுச் சட்டை, பாலு, பிஸ்கட்டு, எல்லாம் உண்டு."

பழனியம்மாள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "ஏனுங்க சாமி, கூட்டியாராதீங்கன்னு கேட்டுல தாள் ஒட்டினீங்களே, அது எங்க புள்ளைங்களுக்கா, வேற ஆரு புள்ளைங்களுக்குங்களா?"

"அது வேற, இது வேற. ஒரு நாளைக்குத்தான."

"அதான் கேக்கறேன். போகி அன்னிக்கு மட்டும் ஊட்டுக்கு வெள்ளையடிக்கறாப்பல, கமிட்டி அன்னிக்கு மட்டும் எங்க புள்ளைங்களா?"

பெண்கள் சிரித்தார்கள். ஆனந்தகுமார் சிரிக்கவில்லை. போகிறபோது, "நர்மதா, கொஞ்சம் வந்துட்டுப் போ" என்றான்.

பால் வைக்கிற குளிர் அறைக்குப் பக்கத்தில் நிறுத்திச் சொன்னான். "இவங்க எல்லாம் நீ சொன்னாக் கேப்பாங்க. அன்னிக்கு வண்டியை மறிச்சயே, அதுலயே தெரிஞ்சுது. சின்ன முதலாளியே சொல்லச் சொன்னாரு. எல்லாரும் புள்ளைங்களோட வந்துட்டாங்கன்னா, உன்ற பாப்பாவை நம்ம ஸ்கூல்ல பீஸ் இல்லாமப் போட்டுடறோம். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அங்கயே இருக்கும். நீ வரும்போதே ஆயாகிட்ட உட்டுட்டு வந்துரலாம்."

வேண்டாம் என்று சொல்லத்தான் நர்மதா வாயைத் திறந்தாள். பாவாடை கிழிசல் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. "நாளைக்குச் சொல்றேனுங்க" என்றாள்.

சாயங்காலம் சிவக்குமாருக்குப் போன் போட்டாள். பின்னணியில் ரிக் உறுமிக்கொண்டிருந்தது. "சரின்னு சொல்லு புள்ள!" என்று கத்தினான் அவன். "நம்ம பாப்பாவுக்கு ஒரு வழி பொறக்குது. ஊரை நெனச்சுட்டு இருந்தா நாம பொழைக்க முடியுமா?" அவன் சொன்னதில் தப்பும் இல்லை. பெற்றவன் அப்படித்தான் சொல்வான். அவளுக்கே உள்ளுக்குள் அந்தக் குரல்தான் உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அதனால்தான் வீட்டில் இருப்புக் கொள்ளாமல், தமிழினியை இடுப்பில் எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருந்த அகல்யாவின் வீட்டுக்கு நடந்தாள்.

தனுஷ் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தான். முழங்கால் வரை வெள்ளைக் கட்டு. தமிழினி விரலை நீட்டி அந்தக் கட்டைத் தொடப் போனாள். அவன் வீரிட்டான்.

"சூப்பர்வைசர் வந்துட்டுப் போனாருங்கக்கா" என்றாள் அகல்யா.

"கமிட்டிக்குப் புள்ளையைக் கூட்டியாரச் சொன்னாரா?"

"இல்லீங்க. தனுஷை மட்டும் கூட்டியாராதன்னு சொன்னாருங்க. கட்டு தெரியுமாமா. அன்னிக்கு ஊட்டை உட்டே வெளிய வராம இருந்தீன்னா, பொறவு வேலைக்குச் சேத்துக்கறேன்னாரு." அகல்யா மகனின் நெற்றியில் ஈரக்கையை வைத்தாள். "நல்ல காலு இருக்கற புள்ளைதானுங்கக்கா அவிகளுக்கு வேணும்."

நர்மதா தமிழினியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்குத் தமிழினியின் பாவாடையோடு காலும் தறிப் பட்டையில் போயிருந்தால் அவளையும் இப்படித்தான் ஒளித்து வைக்கச் சொல்வார்கள். அவர்களுக்குப் பிள்ளை வேண்டாம். படத்தில் நிற்க ஒரு முகம் வேண்டும். அதற்குப் போய் ராத்திரி முழுக்க யோசிக்கலாம் என்று நினைத்தாளே! அவமானமாக இருந்தது. ஆத்திரம் அதைவிடப் பெரியதாக இருந்தது.

மறுநாள் வெங்காயத்தின் முன்னால் உட்கார்ந்ததும் அவள் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். தனக்குச் சொன்ன பேரம், அகல்யாவுக்குச் சொன்ன பேச்சு, ஒன்றையும் விடவில்லை. பெண்களிடையே வெங்காயம் உரிபடுவது நின்றுபோயிற்று.

அப்போதுதான் சௌமியா வந்தாள். குழந்தை வளர்ச்சித் துறையில் ஆசிரியை. பிள்ளைகளின் சட்டை அளவைக் கேட்டு வரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கையில் அளவு நாடாவோடு வந்தவளைப் பழனியம்மாள் சும்மா விடுவாளா?

"வாங்க டீச்சரம்மா. ஆட்டை அறுக்கறதுக்கு முன்னால எடை பாக்க வந்தீங்களா?"

சௌமியாவின் முகம் சுருங்கியது. திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு, ஈரத்தரையில் அவர்களோடு உட்கார்ந்தாள்.

"என் பையனுக்கு எட்டு மாசம்" என்றாள். "ஆத்தூர்ல எங்க அம்மாகிட்ட இருக்கான். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் நான் அவனுக்கு அம்மா. போன வாரம் தூக்கினேன், என்னைப் பார்த்து அழுதான்." "நானும் உங்களை மாதிரி ஒப்பந்தம்தான்க்கா. வருஷா வருஷம் கையெழுத்துப் போடணும்."

"உங்க துறையிலதான அந்த ரூம்பு இருக்குது? உங்க மகனையாச்சும் அங்க உட்டிருக்கலாமே?" என்றாள் நர்மதா.

"கேட்டேன். பொருளெல்லாம் அழுக்காயிடுமாம்." சௌமியாவுக்கும் கோபம் வரும் என்று அப்போதுதான் தெரிந்தது. "இன்னொண்ணு சொல்றேன், கேளுங்க. என்னோட மாணவிகள் குழந்தைகளோட இருந்து பழகினாத்தான் பட்டம். அதுக்கு வாரத்துல ரெண்டு நாள் பஸ் பிடிச்சு சேலத்துல ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போறோம். அங்கே ஓரமா நின்னு பார்த்துட்டு வர்றோம். இங்கே அரிசி மூட்டைக்கு நடுவுல குழந்தைங்க கிடக்கறாங்க. அந்த அறையை விடியக்காலையில திறந்து, ரெண்டு ஆயா போட்டு, முறை வச்சு என் மாணவிகளை உட்கார வச்சா போதும். அவங்களுக்குப் படிப்பு, நமக்கு நிம்மதி. ஐம்பது பேருக்கு மேல வேலை செய்யற இடத்துல காப்பகம் இருந்தாகணும்னு சட்டமே இருக்கு. எழுதிக் கொடுத்தேன். பதிலே இல்லை."

"சட்டம் அவிகளுக்குத் தெரியாதாக்கும்?" என்றாள் பழனியம்மாள். "தூங்கறவனை எழுப்பலாம், தூங்கறாப்பல நடிக்கறவனை எழுப்ப முடியுமா?"

"கமிட்டி அன்னிக்கு எழுப்பலாமுங்கக்கா" என்றாள் நர்மதா.

பிள்ளைகளைக் கூட்டிவராமலே இருந்துவிடலாம் என்றாள் ஒருத்தி. அப்படியானால் எங்கிருந்தாவது வேறு பிள்ளைகளைப் பிடித்து வருவார்கள் என்றாள் இன்னொருத்தி. சமையலை நிறுத்திவிடலாம் என்று ஒரு குரல் எழுந்தது. பழனியம்மாள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "படிக்கற புள்ளைங்க வயிறு என்ன பாவம் பண்ணுச்சு? சோத்துல கைய வெக்காதீங்க." கடைசியில் நர்மதா சொன்னதுதான் எல்லாருக்கும் பிடித்தது. ஆபீஸ் பஸ்ஸே வந்து ஏற்றிக்கொண்டு போகட்டும். காவலாளியே கதவைத் திறந்து விடட்டும். இட்லியை வேக வைத்துப் போட்டுவிட்டு, பிள்ளைகளை இறக்கிக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு அந்த இல்லத்தின் வாசலில் உட்கார்ந்துவிடுவது.

"தனுஷ்?" என்றாள் ஒருத்தி.

"அவன்தான் முன்னால" என்றாள் நர்மதா.

கமிட்டி நாளன்று பஸ் வந்தது. அத்தனை பிள்ளைகளும் பவுடர் பூசிக்கொண்டு ஏறின. காவலாளி டார்ச் அடிக்கவில்லை, சலாம்தான் அடித்தான். அகல்யா தனுஷைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். கூட்டத்தில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

சமையல் நடந்த நேரத்தில் பிள்ளைகள் மளிகை அறைக்குப் போகவில்லை. சௌமியாவின் மாணவிகள் விடிவதற்கு முன்பே எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்திருந்தார்கள். ஒரு பெண் காகிதத்தில் கோழி செய்தாள். இன்னொருத்தி அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, தட்டத் தெரியாமல் தட்டினாள். சன்னல் வழியாகத் தமிழினியின் சிரிப்பு வந்தது. ஆவியில் நின்றுகொண்டு நர்மதா அதைக் கேட்டாள். இவ்வளவு நாள் எவ்வளவு பாரத்தோடு இந்தத் தட்டுகளை இழுத்திருக்கிறோம் என்று அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது. ஆவி என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

கடைசித் தட்டு இறங்கியதும் கையைக் கழுவிக்கொண்டு நாற்பது பெண்களும் கிளம்பினார்கள். கூட்டுகிறவர்கள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்கள். இல்லத்தின் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே பலூன் கட்டியிருந்தார்கள். அவர்கள் உள்ளே போகவில்லை. வாசற்படிகளில் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஆனந்தகுமார் ஓடிவந்தான். பிறகு ஜெகதீஸ்வரனே வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் கமிட்டிக்கான பூங்கொத்து. குரலை உயர்த்தாமல் பேசினார்.

"என்னம்மா இது? உள்ளே எல்லாம் தயாரா இருக்குது. புள்ளைகளை விடுங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல அவங்க வந்துருவாங்க."

"தினமும் உடறதா இருந்தா இப்பவே உடறமுங்க" என்றாள் நர்மதா. உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை.

"அதைப் பத்தி அப்புறம் பேசலாம்."

"போன வருசமும் அப்பறம்தானுங்க."

"நீங்க கான்ட்ராக்டர் ஆளுங்க. உங்க புள்ளைங்களுக்கு நாங்க எப்படிப் பொறுப்பாக முடியும்?"

"கமிட்டிக்குக் காட்டறப்ப மட்டும் உங்க புள்ளைங்க, கால் வெந்துட்டா கான்ட்ராக்டர் புள்ளைங்களா?" என்றாள் பழனியம்மாள்.

ஜெகதீஸ்வரனின் பார்வை அப்போதுதான் வெள்ளைக் கட்டின்மேல் விழுந்தது. ஆனந்தகுமாரை ஒரு முறை முறைத்தார். பிறகு நர்மதாவிடம் குனிந்து, "உன் விஷயம் நான் ஏற்கெனவே சொல்லிட்டேனே. இன்னிக்கே உன் குழந்தையைச் சேர்த்துக்கறோம். நீ எந்திரி, மத்தவங்க எந்திரிப்பாங்க" என்றார்.

நர்மதாவின் கை மகளின் தலையில் இருந்தது. அந்த முடியில் இன்னும் எங்கேயோ ஒரு பஞ்சு இழை ஒட்டிக்கொண்டிருந்தது. எழுந்துவிட்டால் இன்றைக்கே தறி முடிந்தது, இருமல் முடிந்தது. அவளுக்குத் தெரியும். அவளைப் பார்த்துக்கொண்டிருந்த நாற்பது பேருக்கும் தெரியும்.

"எல்லாப் புள்ளைங்களையும் சேத்துக்கறீங்களா, என்ற பாப்பாவை மட்டுங்களா?" என்றாள் உரக்க.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்ப வேண்டாமுங்க. எங்க புள்ளைங்களை இனிமே இரவல் தர மாட்டோமுங்க."

"போலீசைக் கூப்பிட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? நாளைக்கு இந்த வேலைக்கு நூறு பேர் நிப்பாங்க."

"அவிகளுக்கும் புள்ளைங்க இருக்குமுங்க" என்றாள் ஒருத்தி பின்னாலிருந்து.

அப்போது மாணவிகளின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சௌமியா வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. ஆத்தூரிலிருந்து ராத்திரியே அம்மாவை வரவழைத்துப் பையனை வாங்கியிருந்தாள் போல. குழந்தை புது இடத்தைப் பார்த்து மிரண்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவள் நேரே வந்து அகல்யாவுக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள்.

"மேடம், நீங்க டீச்சிங் ஸ்டாஃப்" என்றார் ஜெகதீஸ்வரன். அவர் குரல் முதல்முறையாகப் பிசிறியது.

"ஆமா சார். இவன் என் பையன்."

மாணவிகள் ஒவ்வொருவராக வந்து படிக்குக் கீழே புல்லில் உட்கார்ந்தார்கள்.

வாயில் பக்கம் கார்கள் திரும்புகிற சத்தம் கேட்டது. ஜெகதீஸ்வரன் சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டு பூங்கொத்தோடு போனார். கமிட்டியின் தலைவி நரைத்த தலையோடு ஓர் அம்மாள், தமிழ் தெரியாதவர். பூங்கொத்தை வாங்கிக்கொண்டு, அலங்கரித்த கதவைப் பார்த்தார், பிறகு படிகளைப் பார்த்தார். அவர் கண் தனுஷின் காலில் வந்து நின்றது. ஏதோ கேட்டார்.

"குழந்தைக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறாங்க" என்றாள் சௌமியா.

ஜெகதீஸ்வரன் முந்திக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். "வீட்ல சுடுதண்ணி கொட்டிருச்சுன்னு சொல்றார்" என்றாள் சௌமியா.

அகல்யா நிமிர்ந்தாள். ஆஸ்பத்திரியில் தரையைப் பார்த்தவள் இப்போது அந்த அம்மாளின் முகத்தையே பார்த்தாள்.

"ஊட்ல இல்லீங்க. இங்கதானுங்க. சமையல்கட்டுல, வடிகஞ்சியில."

சௌமியா அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. அந்த அம்மாள் மறுபடியும் கேட்டார்: அப்படியானால் இந்தக் குழந்தைகள் தினமும் எங்கே இருக்கிறார்கள்?

நர்மதா தமிழினியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள். "வாங்கம்மா, காட்டறேனுங்க."

"அது நிகழ்ச்சி நிரலில் இல்லை" என்றார் ஜெகதீஸ்வரன். அந்த அம்மாள் கையிலிருந்த பூங்கொத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு நர்மதாவின் பக்கம் நடந்தார்.

அந்தக் கதவு நாளைக்குத் திறக்குமா, இன்றைக்குச் சாயங்காலமே யார் யாருக்கு வேலை போகும், சௌமியாவின் ஒப்பந்தத்தில் அடுத்த வருடம் கையெழுத்து உண்டா, யாருக்கும் தெரியாது. ஆனந்தகுமார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தான். காவலாளிகள் இரண்டு பேர் வேகமாக வந்துகொண்டிருந்தார்கள். நர்மதா அதையெல்லாம் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சமையற்கூடத்தை நோக்கி நடந்தாள். உடைந்த சட்டம் இருக்கிறது, அட்டை இருக்கிறது, மூட்டைகளுக்கு நடுவில் மடித்த சாக்கு இருக்கிறது. எல்லாவற்றையும் காட்ட வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால்கூட இவர்கள் அதை மறைத்துவிடுவார்கள். அந்தப் பதற்றத்தில் அவள் கால் ஓட்டமாக மாறியது.

பின்னாலிருந்து பழனியம்மாளின் குரல் கேட்டது.

"மெதுவாப் போ அம்மிணி. நாங்க எல்லாரும் வாரோம்."